விடட்டாம்

என் புருஷனின் பெயர் மார்க்கண்டு. புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வல்வெட்டித்துறையில் என்னைப் போன்றவர்கள் இன்னும் பார்ப்பதுண்டு. கதை விளங்க வேண்டுமே என்று ஒருதரம் சொல்லிவிட்டேன். இனி 'இவர்' என்றால் அவர்தான்.

இவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், கை நீட்ட மாட்டார். கதையை நிறுத்திவிடுவார். கலியாணம் செய்த புதிதில் இவருடைய தாயாரை நான் எதிர்த்துக் கதைத்துவிட்டேன் என்று ஒரு மாரி முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பசித்தால் குசினி வாசலில் நின்று பூனையைப் பார்த்து, "சோறு ஆகேல்லைப் போல கிடக்கு" என்பார். நான் பூனைக்கும் போட்டு இவருக்கும் போட்டேன். சிரிப்பாகத்தான் இருக்கும். அந்த மாரி எனக்கு எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும்.

எங்கள் ஒரே மகள் ஞானாம்பிகை பதிவுத் திருமணம் செய்துகொண்டு மாப்பிள்ளையோடு வந்து படலையில் நின்றபோதும் இவர் கத்தவில்லை. மாப்பிள்ளையின் பெயர் றிச்சர்ட். தெல்லிப்பழை வேதக்காரர்கள். தகப்பன் கிருபைரட்ணம் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஆமி முன்னேற, உடுத்த உடுப்போடு நல்லூருக்கு ஓடி வந்த குடும்பம். றிச்சர்ட் அங்கே ஒரு ரியூசனில் கணக்குப் படிப்பித்தான். ஞானம் அங்கே படிக்கப் போனாள். மிச்சம் உங்களுக்கே விளங்கும்.

வேதக்காரன் என்பதைக்கூட இவர் ஒருவாறு விழுங்கியிருப்பார். விழுங்க முடியாதது வேறு. "என்னோடை ஒரு சொல்லுக் கதைக்காமல் செய்தவை," என்றார். "நானும் அந்தாளோடை ஒரு சொல்லுக் கதைக்க மாட்டன்." மகளோடு ஒரு மாதத்தில் சரியாகிவிட்டார். பெற்ற பிள்ளை அல்லவா? மருமகனோடு மட்டும் இல்லை.

பிறகு றிச்சர்டுக்கு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. நான் யாரையும் கேட்கவில்லை. நல்லூருக்குப் போய் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து பின்னறையில் இருத்தினேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் இவருடைய ஆயுதம் என்று நான் மறந்துபோனேன்.

இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு கதைக்காமல் எப்படிக் காலம் தள்ளுவது? அதற்கு ஏரம்பு இருந்தான். ஏரம்பு இவரோடு சின்ன வயதிலிருந்தே ஒரே வள்ளத்தில் கடல் தொழிலுக்குப் போகிறவன். பெண்சாதி பிள்ளை கிடையாது, பின்னேரம் எங்கள் விறாந்தையில்தான் இருப்பான். எங்கள் ஊரில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொல்லும்போது 'வரட்டாம்', 'போகட்டாம்', 'சாப்பிடட்டாம்' என்று சொல்லுவோம். அம்மா வரச் சொன்னாள் என்று நீட்டி முழக்க மாட்டோம். அம்மா வரட்டாம், அவ்வளவுதான். இரண்டு வருஷமாக என் மருமகனுக்கு மாமனாரிடமிருந்து கிடைத்ததெல்லாம் இந்த 'ட்டாம்'தான்.

இவர் விறாந்தைக் கதிரையில் இருப்பார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வாங்கிலில் றிச்சர்ட் கொப்பி திருத்திக்கொண்டு இருப்பான். இவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "ஏரம்பு, மழை வரப்போகுது, உவரைச் சைக்கிளை உள்ளுக்கு எடுக்கச் சொல்லு" என்பார். ஏரம்பு தலையைத் திருப்பி, "மாஸ்ரர், சைக்கிளை உள்ளுக்கு எடுக்கட்டாம்" என்பான். அதற்குப் பிறகுதான் றிச்சர்ட் தலையை ஆட்டிவிட்டு எழும்புவான்.

முதலே கேட்டதுதானே, ஏன் ஏரம்பு சொல்லும் வரைக்கும் இருக்கிறாய் என்று நான் ஒருநாள் அவனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். வந்த புதிதில் ஒருதரம் இவர் ஏரம்புவிடம் சொன்னதைக் கேட்டு, "ஓம் மாமா" என்று நேரே பதில் சொல்லியிருக்கிறான். இவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டார். மூன்று நாள் விறாந்தைக்கே வரவில்லை. அதிலிருந்து பெடியன் பழகிவிட்டான். ஏரம்பு வாய் திறந்து சொல்லும் வரைக்கும் மாமா சொன்னது எதுவும் தனக்குச் சொன்னது இல்லை என்று மனத்தில் வைத்துக்கொண்டான். "அது மாமாவுக்குக் குடுக்கிற மரியாதை, மாமி," என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மரியாதையாம்.

அவனுக்கு வேறு ஆசை ஒன்றும் இருக்கவில்லை. கொழும்புக்குப் போக வேண்டும், கனடாவுக்குப் போக வேண்டும் என்று ஊர்ப் பெடியன்கள் எல்லாம் பறந்துகொண்டிருந்த காலத்தில், இந்த மனுசன் தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை கதைக்க வேண்டும் என்று அவன் காத்துக்கொண்டிருந்தான். ஞானத்துக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். பிள்ளை பிறந்தால் மாமா மாறிவிடுவார் என்று அவளுக்கு அவன் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குப் பின்னறையில் கேட்கும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் முதல் சண்டை நிறுத்தம் வந்தது. பேச்சுவார்த்தை என்றார்கள். நிலைக்குமோ நிலைக்காதோ யாருக்குத் தெரியும், ஆனால் ஹெலி வரவில்லை, கடலில் வெடிச்சத்தம் இல்லை. பிள்ளைகள் வெளியே விளையாட, தாய்மார் மேலே பார்க்காமல் இருந்த நாட்கள் அவை. பொங்கலுக்குப் பெரிய பட்டம் ஏற்ற வேண்டும் என்று ஊர் முழுக்க ஒரே கதை. எங்கள் ஊர் ஆண்களுக்குக் கடலுக்கு அடுத்தபடி பட்டம்தான் விசர். சண்டைக் காலத்தில் சின்னப் பிள்ளைகள் கடதாசிப் பட்டம் விட்டதோடு சரி. ஆளைவிட உயரமான பெரிய பட்டம் ஏற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இவர் கட்டியது எட்டுமூலைப் பட்டம். எங்கள் அறைச் சுவர் அளவு இருக்கும். மூங்கிலை இழைத்து இழைத்து விறாந்தை முழுக்கச் சீவல். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் தொட்டில் கட்டாமல் பட்டம் கட்டுகிற மனுசனைக் கண்டிருக்கிறீர்களா என்று அயலாரிடம் சொல்லிச் சிரித்தேன். ஒட்டுவதற்கு இவர் கடதாசி எடுக்கவில்லை. தொண்ணூறில் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் அகப்பட்டிருந்த ஆமிக்குப் பிளேனில் இருந்து போட்ட சாமான்களில் சில வெளியே விழுந்தன. அப்படி விழுந்த ஒரு பரசூட்டின் சீலை கைமாறிக் கைமாறி இவரிடம் வந்து பெட்டகத்தில் கிடந்தது. அதைத்தான் எடுத்து வெட்டித் தைத்தார். காற்றுப் புகாத சீலை, கையால் கிழித்தாலும் கிழியாது. எல்லோரும் தடவிப் பார்த்து மெச்சினார்கள். கடதாசி என்றால் காற்றுக் கூடியதும் கிழிந்து பட்டம் தானாக இறங்கிவிடும். கிழியாத பட்டம் இறங்காது என்று அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

பொங்கலன்று காலை, பால் பொங்கி எல்லோரும் சாப்பிட்டு முடிந்ததும் றிச்சர்ட் ஏரம்புவைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். தானும் கயிறு பிடிக்கலாமா என்று மாமாவிடம் கேட்கச் சொன்னான். பட்டக்கயிறு அவன் வாழ்க்கையில் பிடித்ததில்லை. தெல்லிப்பழையில் செம்பாட்டு மண்ணும் வெங்காயமும் புத்தகமும்தான் அவன் கண்டது. ஏரம்பு வந்து கேட்டான். இவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அதைச் சுருட்டி முடித்தார். பிறகு, "விருப்பமெண்டால் வந்து பிடிக்கட்டும்," என்றார்.

ஏரம்பு கிணற்றடிக்கு ஓடிப்போனான். "மாஸ்ரர், மாமா வந்து பிடிக்கட்டாம்."

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஞானம் என் கையைப் பிடித்து அமத்தினாள். நான் அம்மன் கோயில் பக்கம் திரும்பி மனத்துக்குள் கும்பிட்டேன். அடுத்தது நேரே கதைப்பதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பின்னேரம் கடற்கரை முழுக்கச் சனம். வாடைக்காற்று கடலில் இருந்து ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. பட்டத்தைத் தூக்கிவிட இரண்டு பேர், கயிறு பிடிக்கப் பத்துப் பன்னிரண்டு பேர். கயிற்றின் கடைசி நுனியை, வள்ளம் கட்டுகிற குற்றியில் சுற்றி இவர் முடிச்சுப் போட்டார். காற்றின் இழுவையை அந்தக் குற்றிதான் தாங்க வேண்டும், கையால் பிடிக்கிறவர்கள் ஒரு துணைக்குத்தான். பெலசாலிகள் குற்றிக்குக் கிட்ட நின்றார்கள். றிச்சர்டை எல்லோருக்கும் முன்னால், பட்டத்தின் பக்கம் நிறுத்தினார்கள். முன்னால் நிற்பவனுக்கு வேலை குறைவு. அவனுக்கு அடுத்ததாக ஏரம்பு நின்றான். நானும் ஞானமும் மற்றப் பெண்களோடு குற்றிக்குப் பக்கத்தில் நின்றோம்.

பட்டம் ஏறினது. பொய் சொல்லக்கூடாது, அப்படி ஒரு வடிவு. பட்டத்தின் தலையில் நார் ஒன்றை இழுத்துக் கட்டினால் காற்றில் கூவும், அதை விண் என்போம். அந்த விண் கூவத் தொடங்கியதும் கடற்கரையில் ஒருவர் சொல்வது கத்தினால்தான் மற்றவருக்குக் கேட்டது. கிழவர்கள் எல்லாம் சால்வையைத் தலைக்கு மேலே சுழற்றினார்கள். றிச்சர்ட் திரும்பி இவரைப் பார்த்துச் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. ஆனால் பார்வையைத் திருப்பவும் இல்லை. நான் கவனித்துக்கொண்டு நின்றேன்.

காற்று ஒரேயடியாகக் கூடினது. கயிறு புது நைலோன் கயிறு. இவர் போட்டது காலம் முழுக்கத் தும்புக் கயிற்றில் போட்டுப் பழகிய முடிச்சு. தும்பு ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், நைலோன் வழுக்கும். கடலில் நாற்பது வருஷம் நின்றவர் போட்ட முடிச்சு அவிழும் என்று யார் நினைப்பார்கள்? அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிச்சு வழுக்கிக் கழன்றது. குற்றி தாங்கிய இழுவை முழுக்க ஒரே நொடியில் கைகளுக்கு வந்தது. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓட, ஒவ்வொருவராகக் கையை விட்டார்கள். ஏரம்பு முகங்குப்புற மணலில் விழுந்தான்.

றிச்சர்ட் மட்டும் விடவில்லை. இரண்டு கயிற்றைத் தொடுத்த பெரிய முடிச்சு ஒன்று அவனுடைய கைக்குக் கீழே இருந்தது. மற்றவர்களின் கையில் கயிறு ஓடியது, அவன் கையில் முடிச்சு வந்து தட்டி நின்றது. பட்டம் விட்டுப் பழகியவன் என்றால் அந்த நொடியே கையை விட்டிருப்பான். இவன் மாமா பிடிக்கச் சொன்ன கயிறு என்று இறுக்கிப் பிடித்தான். கால் நிலத்தை விட்டுக் கிளம்பியது.

அப்போது அவன் ஒரு ஆள் உயரத்தில்தான் இருந்தான். கீழே மணல். விழுந்தால் முழங்கால் உரஞ்சும், அவ்வளவுதான். இவர் கண்டார். எல்லோருக்கும் முதல் கண்டவர் இவர்தான். வாயைத் திறந்தார்.

"ஏரம்பு," என்று கத்தினார், "உவரைக் கயிறை விடச் சொல்லு!"

நான் பக்கத்தில் நின்றேன். என் காதால் கேட்டேன். 'விடும்' என்று சொல்லியிருக்கலாம். மூன்றே எழுத்து. இரண்டு வருஷப் பழக்கம் அந்த மனுசனின் நாக்கைத் திருப்பிவிட்டது. கோபத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் இவருக்குக் கோபமே இல்லை. வேறு மாதிரிச் சொல்ல இவருக்கு வரவில்லை.

ஏரம்பு மணலில் இருந்து எழும்பி, கண்ணைத் துடைத்து, என்ன சொன்னார் என்று திரும்பிப் பார்த்து, விளங்கிக்கொண்டு ஓடத் தொடங்குவதற்குள் றிச்சர்ட் பாதிப் பனை உயரத்துக்குப் போய்விட்டான். காற்று அவனை மணலைத் தாண்டி, தெருவோரக் கல்லுத்தரைக்கு மேலே கொண்டுபோய்விட்டது. ஞானம் கத்தவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

அவனுக்குக் கீழே மிச்சக் கயிறு தொங்கி இழுபட்டுக்கொண்டு போனது. இவர் ஓடினார். அறுபதை நெருங்கிய மனுசன் அப்படி ஓடியதை நான் கண்டதில்லை. பாய்ந்து அந்தக் கயிற்றைப் பிடித்தார், பின்னால் இன்னும் நாலைந்து பேர் பிடித்தார்கள். பட்டம் நின்றது. இனிக் கயிற்றை மெல்ல மெல்ல இழுத்தால் ஆளை நிலத்துக்கு இறக்கிவிடலாம். அவன் காலால் கீழ்க்கயிற்றைப் பின்னிப் பிடித்துக்கொண்டு இருந்தான், விழமாட்டான். அவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, கையை விடாமல் இருப்பது.

"விடாதை!" என்று இவர் கத்தினார். "விடாதை, விடாதை!"

ஏரம்புவோ இதொன்றும் அறியான். ஓடிய ஓட்டத்தில், பின்னால் கத்தியது அவன் காதில் ஏறவில்லை. அண்ணை ஒன்றைச் சொல்லச் சொன்னார், அதைச் சொல்ல வேண்டும் என்று மேலே பார்த்தபடியே றிச்சர்டுக்கு நேரே கீழே போய் நின்றான். தோல் உரிந்த கையை வாயில் குவித்து, "மாஸ்ரர், மாமா விடட்டாம்! மாமா கயிறை விடட்டாம்!" என்றான்.

றிச்சர்ட் குனிந்து பார்த்தான். விறாந்தையில் எப்போதும் ஆட்டுவது போலத் தலையை ஆட்டினான். அதை நான் கண்டேன். பிறகு காலைக் கயிற்றிலிருந்து எடுத்தான், கையை விட்டான்.

விழுந்த சத்தத்தைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். இவர் கையிலிருந்த கயிற்றை எறிந்துவிட்டு ஓட, பட்டம் தன்பாட்டில் போய்விட்டது. தொண்டைமானாற்றுப் பக்கம் எங்கோ விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஒருவரும் எடுக்கப் போகவில்லை.

வள்ளப் பலகை ஒன்றில் ஆளைக் கிடத்தி, மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய ஒஸ்ரின் கார் ஒன்றைப் பிடித்து, பின் கதவைத் திறந்தபடி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போகும் வழி முழுக்க இவர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குலுங்காமல் தன் மடியில் தாங்கிக்கொண்டு வந்தார். றிச்சர்டுக்கு நினைவு இல்லை.

ஆஸ்பத்திரி வாங்கிலில் இருந்துகொண்டு நான் இவரைத் திட்டினேன். போய் வருகிற சனம் எல்லாம் கேட்கத் திட்டினேன். "உங்களுக்கு வாய் இல்லையே? 'விடும்' எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொன்னால் உங்கடை எந்தக் கிரீடம் கழண்டு விழும்?" இவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அடித்திருந்தால்கூட அன்றைக்கு வாங்கியிருப்பார் போலிருந்தது. எனக்கு அது இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது.

ஊர் வேறு விதமாகக் கதைத்தது. எல்லாம் ஏரம்புவின் வாயால் வந்த வினை என்றார்கள். அவன் கையில் துணி சுற்றியபடி, சாப்பிடாமல், ஆஸ்பத்திரி மதிலடியில் குந்திக்கொண்டு இருந்தான். "அண்ணை சொன்னதைத்தானே பூரணமக்கா நான் சொன்னனான்" என்று என்னைக் கண்டபோதெல்லாம் கேட்டான். ஓமடா, அதைத்தான் சொன்னாய் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். கிணற்றடியில் அவனைப் பற்றி வாய் வைத்தவளிடம், சொல்லைக் கொண்டுபோனவனைப் பேசாதே, கொடுத்துவிட்ட ஆளைப் பேசு, அவர் என் புருஷன்தான், பரவாயில்லை, பேசு என்றேன். அதற்குப் பிறகு என் முன்னால் யாரும் கதைக்கவில்லை.

இவர் 'விடாதை' என்று கத்தியதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். இவர் தன் மருமகனை நோக்கி வாய் திறந்தது அதுதான் முதல்தரம். விண் கூவிய கூவலில் அவனுக்குக் கேட்டிருக்காது என்று பேசிக்கொண்டோம். இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கேட்டிருக்காது," என்று தனக்குத் தானே சொல்லுவார். "கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்."

றிச்சர்டுக்கு நினைவு வந்து, கதை தெளிவாக வர ஒரு கிழமைக்கு மேல் ஆனது. உயிருக்குப் பயமில்லை என்று டொக்ரர் சொன்ன அன்று ஞானம் என் தோளில் சாய்ந்து அழுதாள். அடுத்த நாள் அதே டொக்ரர் எங்களைக் கூப்பிட்டு மற்றதைச் சொன்னார். முதுகெலும்பு உடைந்து நரம்பு அறுபட்டுவிட்டது. இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது, எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் வராது. கால் எப்போது சரிவரும் என்று றிச்சர்ட் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார், உங்கள் ஆட்களில் யாராவது பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார்.

யார் சொல்வது? ஞானம் தன்னால் முடியாது என்றாள். எனக்கு நெஞ்சு இல்லை. எங்கள் எல்லோருடைய கண்ணும் ஏரம்புவிடம் போனது. எனக்கு இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் போனது. இரண்டு வருஷம் எல்லாச் செய்தியையும் அவன்தானே கொண்டுபோனான். அவன் கையைக் கூப்பிக்கொண்டு பின்னால் போனான்.

"அவனைக் கேக்காதையுங்கோ," என்றார் இவர். "நான் சொல்லுறன்."

வார்ட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நான் கால்மாட்டில் நின்றேன். ஏரம்பு வாசலோடு நின்றுவிட்டான். இவர் தொண்டையைச் செருமியதும் றிச்சர்ட் திரும்பினான். அவனுடைய கண் இவரில் நிற்கவில்லை. இவரைத் தாண்டி, வாசலில் நின்ற ஏரம்புவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

"தம்பி," என்றார் இவர். "என்னைப் பாரும்."

அவன் பயந்துபோனான். பிறகு மெல்ல இவரைப் பார்த்தான். இவர் சொல்ல வந்ததை உடனே சொல்லவில்லை. இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்தது முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"நான் விடாதை விடாதை எண்டு தொண்டை கிழியக் கத்தினனான். உமக்குக் கேக்கேல்லை என்ன?"

"கேட்டது, மாமா."

"கேட்டதோ? கேட்டும் ஏன் விட்டனீர்?"

"கீழை கயிறு பிடிச்ச ஆக்களுக்குச் சொல்லுறியள் எண்டு நினைச்சன்," என்றான் றிச்சர்ட். "எனக்கெண்டால் ஏரம்பண்ணை எல்லோ வந்து சொல்லுவார். அவர் வந்து விடட்டாம் எண்டார். அதுதான் விட்டனான்."

அவன் குறை சொல்லவில்லை. வகுப்பில் கணக்கு விளங்காத பிள்ளைக்குப் படிப்படியாகச் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னான். குறை சொல்லியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

இவர் எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். பதில் இல்லாத இடத்தில் இவர் எப்போதும் எழும்பிப் போகிறவர். போகவில்லை. கதிரையை இன்னும் கிட்ட இழுத்து, அவனுடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் சொல்லுறதைக் கேளும்," என்றார். "உமக்குத்தான் சொல்லுறன். நீர் இனி எழும்பி நடக்க மாட்டீர், தம்பி. கால் ரண்டும் போயிட்டுது. நான் கட்டின முடிச்சு, நான் சொல்லாத சொல்லு. கடைசி வரைக்கும் நான் உம்மைத் தூக்கிப் பாப்பன்."

டொக்ரர் சொன்னார் என்றோ, நடக்க மாட்டீராம் என்றோ சொல்லவில்லை. மாட்டீர் என்றார்.

றிச்சர்ட் முகட்டைப் பார்த்தபடி கன நேரம் கிடந்தான். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. துடைக்க ஒரு கை இருந்தது, துடைக்கவில்லை. மற்றக் கையை இவரிடமிருந்து இழுக்கவும் இல்லை.

"நீங்களே வந்து சொன்னது பெரிய உபகாரம், மாமா," என்றான்.

இவர் கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து விம்மி விம்மி அழுதார். நான் தேற்றப் போகவில்லை.